அழுதால் போகக் கூடாது

நாய்க்குட்டியை முதல் நாளே மெத்தையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு அது. உங்கள் மகள் குட்டி வேண்டும் என்று நச்சரிக்கிறாள் என்றீர்களே, அதற்காகச் சொல்கிறேன் ஐயா. அழுகிறதே, பாவம், ஒரு ராத்திரிதானே என்று தூக்கிப் பக்கத்தில் போட்டுக்கொள்வோம். அப்புறம் அது வளர்ந்த பிறகும் மெத்தை அதற்கு, தரை நமக்கு.

எங்கள் குட்டி சுண்டு வந்த அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. அண்ணன்தான் அதை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துவந்தார். உங்கள் ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறாரே, அதே அண்ணன். வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறார். எப்போதாவது வருவார், வந்தால் கை நிறைய யோசனை கொண்டுவருவார். "நீ வேலைக்குப் போயிட்டா சின்னவ விட்டத்தப் பாத்துக்கிட்டுக் கிடக்குறா. குட்டி இருந்தா அவளுக்கும் பொழுது போகும்ல" என்றார். குட்டிக்கு ராத்திரி யார் எழுந்திருப்பது என்று கேட்டேன். சிரித்தார். சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

சின்னவள் என் தங்கை. மாடிப்படியில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்ததிலிருந்து அவளுக்குத் தோளுக்குக் கீழே எதுவும் அசையாது. தலையைத் திருப்புவாள், பேசுவாள். குரல் மெலிந்துவிட்டது, ஆனால் வாய்த்துடுக்கு அப்படியே இருந்தது. பகலில் ஓர் ஆயாம்மா வருவார். ராத்திரி நான். நடுவில் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இன்னொன்று, அதுதான் முக்கியம். அவளால் தானாக இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. அடைத்துக்கொண்டால், ஒருக்களித்துப் படுக்கவைத்து, வயிற்றில் உள்ளங்கையை வைத்து, அவள் மூச்சு விடும்போது அழுத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் அதை எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ராத்திரியில் அந்த வீட்டில் அதைச் செய்ய வேறு ஆள் கிடையாது.

அவள் கூப்பிடுவதெல்லாம் அதற்காக என்று நினைக்காதீர்கள். மூக்கு அரிக்கும். போர்வை கழுத்தை உறுத்தும். சில சமயம் ஒன்றுமே இருக்காது. "சும்மாதான்க்கா, முழிச்சிருக்கியான்னு பாத்தேன்" என்பாள். நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருப்பேன். எழுந்து, பார்த்து, படுத்து, கண்ணை மூடும்போது மறுபடி "அக்கா". எத்தனையோ வருஷம் இப்படி. எனக்கு அவள்மேல் கோபம் வந்ததில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வந்தது. கோபம் வந்த பிறகும் எழுந்து போனேன், அவ்வளவுதான்.

நான் சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை செய்கிறேன். தைத்து முடித்த சட்டை என் மேசைக்கு வரும். காலர் இரண்டு முனையும் ஒரே அளவா, பொத்தான் துளை பிரிந்திருக்கிறதா, தையல் எங்காவது தாவியிருக்கிறதா என்று பார்த்து, தொங்கும் நூலை வெட்டி, சரியென்றால் அந்தப் பக்கம், இல்லையென்றால் இந்தப் பக்கம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. நான் அங்கே பெயர் எடுத்தவள். விரல் பட்டாலே தையல் தாவியது தெரிந்துவிடும்.

சுண்டு வந்த பிறகு எல்லாம் குட்டிச்சுவராயிற்று. அதைத் தங்கையின் அறையில்தான் பெட்டியில் படுக்கவைத்தேன். விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும். அது அழுதால் அவள் விழிப்பாள், அவள் விழித்தால் என்னைக் கூப்பிடுவாள், நான் எழுந்தால் அது இன்னும் கத்தும். கீழ் வீட்டு அம்மா துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பார். காலையில் படிக்கட்டில் பார்த்தால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஒருநாள் கோணல் காலர் வைத்த சட்டைகள் ஒரு கட்டு முழுக்க என் கையைத் தாண்டிப் போய்விட்டன. மேற்பார்வையாளர் என்னைத் திட்டவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால உங்களக் காப்பாத்த முடியாதும்மா" என்றார். வேலை போனால் வாடகை போகும், ஆயாம்மா போவார், தங்கையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று கழிவறைக்குள் போய் அழுதேன்.

நாய் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், பொறுமைசாலி. படுக்கிற இடத்தில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கச் சொன்னார். டிக் டிக் என்று ஓடும் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் தாயின் நெஞ்சுத் துடிப்பு மாதிரி இருக்குமாம். நாம் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றையும் போடச் சொன்னார். நம் வாசனைக்கு. பிறகு முக்கியமானதைச் சொன்னார்.

"அழும்போது போகவே போகாதீங்க. போனா, அழுதா ஆள் வரும்னு அது கத்துக்கும். சத்தம் நின்னதும் கொஞ்சம் பொறுத்துப் போய்த் தட்டிக்கொடுங்க. அப்புறம், முழுசா நிறுத்துறதுக்கு முன்னாடி ஒருநாள் ரொம்ப மோசமா அழும். அன்னைக்கு மனசு இளகிப் போயிட்டீங்கன்னா எல்லாம் வீண்."

நான் அந்த அறையிலேயே படுக்கலாமா என்று கேட்டேன். "அந்த ரூம்ல வேற யாராவது இருக்காங்களா? அப்போ நீங்க வெளியில படுங்க, ஒருத்தர் இருந்தாப் போதும்" என்றார். அந்த ஒருத்தரால் எழுந்திருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தங்கையிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவளுக்குச் சுண்டு என்றால் உயிர். "சரிக்கா, நானும் கூப்பிடல. நாங்க ரெண்டு பேரும் சேந்தே பழகுறோம். ஆனா காலையில எனக்கும் பிஸ்கட் வேணும்" என்றாள். இருவரும் சிரித்தோம். படுக்கும் முன் ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை திருப்பிப் போடுவது, சளி அடைத்தால் மட்டும் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டோம். நான் கூடத்துக்கு மாறி, கதவைச் சாத்திக்கொண்டேன்.

சுண்டு சில நாள் கத்தியது, பிறகு முனகியது, பிறகு அதுவும் குறைந்தது. தங்கையும் வாக்குத் தவறவில்லை. மூக்கு அரித்தாலும் தலையணையில் தேய்த்துக்கொள்ளப் பழகிவிட்டாள். முதுகில் சின்னதாகப் புண் வந்தது, ஆயாம்மா மருந்து போட்டார். காலையில் குட்டிக்கு ஒரு பிஸ்கட், அவளுக்கு ஒரு பிஸ்கட். "சமத்து" என்று இரண்டு பேர் தலையையும் தடவுவேன். அவள் நாக்கைத் தொங்கப்போட்டுக் காட்டுவாள்.

நான் தூங்கினேன் ஐயா. அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. காலையில் வேறு ஆள் மாதிரி எழுந்தேன். என் மேசையில் ஒரு தையல்கூடத் தப்பவில்லை. அந்தத் தூக்கத்தை யாராவது திரும்பக் கேட்டிருந்தால் என்னால் கொடுத்திருக்க முடியாது.

அப்படியிருக்கும்போது ஒரு வாரம் அவளுக்கு ஜலதோஷம். ஆயாம்மா கிளம்பும்போது, "நெஞ்சுல சளி கட்டியிருக்கு, ராத்திரி ஒரு கண்ணு வெச்சுக்கோங்க" என்றார். வைத்துக்கொள்கிறேன் என்றேன். படுக்கும் முன் அழுத்தி இருமவைத்தேன், கொஞ்சம் வந்தது. கடிகாரத்தைச் சுற்றி வைத்தேன். கதவைச் சாத்தினேன்.

நல்ல தூக்கத்தில் சுண்டு கத்தியது. பல நாள் கழித்து அப்படிக் கத்தியது. முனகல் இல்லை, தொண்டை கிழிகிற கத்தல். கதவைப் பிறாண்டியது. எனக்கு டாக்டர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. நிறுத்துவதற்கு முன்னால் வருகிற அந்த ஒருநாள் இதுதான் என்று நினைத்தேன். இன்று தாங்கிக்கொண்டால் போதும். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கீழ் வீட்டு அம்மா நாய்ச் சத்தத்தை மட்டும்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். என் தங்கையின் குரல் கீழே கேட்காது. எனக்குக் கேட்டது. "அக்கா" என்றாள். பிறகு மறுபடி. அப்புறம் அந்தச் சொல் முழுதாக வரவில்லை, கொழகொழவென்று ஒரு சத்தம் வந்தது. சும்மா கூப்பிடுகிற சத்தத்துக்கும் சளி அடைத்த சத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். தையல் தாவியது விரலுக்குத் தெரிகிற மாதிரி தெரியும். தெரிந்துதான் சரியென்று அந்தப் பக்கம் தள்ளினேன்.

எழுந்து கதவு வரைக்கும் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். ஒரு தடவை போனால் நாளைக்கும் போக வேண்டும், நாளன்றைக்கும் போக வேண்டும், சாகிற வரைக்கும் போக வேண்டும் என்று தோன்றியது. "சுண்டு, சும்மா இரு" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். நான் விழித்திருக்கிறேன், கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்று அவளுக்கு அப்போது தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் நான் சொன்னதைக் கேட்பாள். நான் போய்ப் படுத்தேன். பொய் சொல்லப்போவதில்லை, நன்றாகத் தூங்கினேன்.

காலையில் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். கதவின் அடிப்பலகை முழுக்க நகக்கீறல். என் சட்டையைப் பெட்டியிலிருந்து இழுத்துக்கொண்டுவந்து, கதவிடுக்கில் மூக்கை வைத்து அதன்மேல் படுத்திருந்தது சுண்டு. என் தங்கையின் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. அவளால் திருப்ப முடிந்தது முகம் ஒன்றுதான்.

அண்ணன் வந்து, "அவ ஏன் கூப்பிடல, ஏன் கூப்பிடல" என்று தலையில் அடித்துக்கொண்டார். கூப்பிட்டாள். நான் போகவில்லை. வேண்டுமென்றுதான் போகவில்லை. அவர் மனுவில் வேறு என்ன எழுதியிருந்தாலும், இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் எவ்வளவு நேரமாகும் ஐயா? சுண்டு வீட்டில் தனியாக இருக்கிறது. அவள் போனதிலிருந்து மறுபடி அழ ஆரம்பித்திருக்கிறது. இப்போதெல்லாம் லேசாக முனகினாலே எழுந்துபோய்த் தூக்கி என் மெத்தையில் போட்டுக்கொள்கிறேன். டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், ஒரு ஜீவனை அழவிட்டுவிட்டு அடுத்த அறையில் படுத்துக் கிடக்க எனக்கு மனசு வராது.