முத்து வீட்டுக் கிணற்றுக் கயிறு

அன்புள்ள செந்தில்வேல்,

மாடிக் கதவின் சாவியை இடப்பக்கம் இரண்டு தரம் திருப்பி, கதவை முழங்காலால் லேசாகத் தள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஊதிக்கொள்ளும். அப்போது தள்ளினாலும் திறக்காது, கொஞ்சம் பொறுமை வேண்டும். திங்கட்கிழமை நீங்கள் வந்து பொறுப்பேற்கும்போது இதையெல்லாம் வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதித் தருகிறேன். சாமான் பட்டியல் தனியாக இருக்கிறது. குளிகல் ஏழு, சிப்பி அள்ளும் வலைப்பை நான்கு, முத்து சலிக்கும் பித்தளைச் சல்லடை ஓர் அடுக்கு, எல்லாம் சரிபார்த்து வைத்திருக்கிறேன். கிணற்றுக் கயிறு மட்டும் பட்டியலில் இல்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

நீங்கள் அறங்காவலர் ஹென்றி ஐயாவுக்கு அனுப்பிய திட்டத்தைப் போன வாரம் அவர் என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். நல்ல திட்டம். கூரைக்கு ஓடு மாற்றுவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைப்பது எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில், முற்றத்துக் கிணற்றின் இரும்புக் கம்பிவலையை எடுத்துவிட்டு, முத்துக்குளிப்பைச் செய்துகாட்டும் நிகழ்ச்சியை மறுபடி தொடங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் தங்கை மகன் கஸ்பார் குளிக்கச் சம்மதித்துவிட்டானாம். கயிறு பிடிக்க என்னைக் கேட்பதாக உத்தேசம்.

நீங்கள் விளாத்திகுளத்துக்காரர், கரிசல்காட்டு ஆள். அதனால் இதை விளக்க வேண்டியிருக்கிறது. முத்துக் குளிக்கிறவன் குளிகல்லில் கால் வைத்து இறங்குவான். கல் அடி தட்டியதும் அதைத் தனிக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்வார்கள். அவன் இடுப்பில் இன்னொரு கயிறு. சிப்பியை அள்ளி முடித்து மூச்சு முட்டும்போது அவன் அதை ஒரு தரம் சுண்டுவான். மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். எங்கள் பரதவர் வழக்கத்தில் அந்தக் கயிற்றை மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான். உடன்பிறந்தவள் தாலியறுக்க எவனும் சம்மதிக்கமாட்டான் என்ற கணக்கு. கீழே இருப்பவன் ஒரு தரம்தான் சுண்டுவான். இரண்டாம் தரம் சுண்டினால் மச்சானை நம்பவில்லை என்று அர்த்தம். அதற்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டு.

என் தங்கை பேபியின் புருஷன் பர்னபாஸ். எனக்கு இரண்டு மாதம் இளையவன், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஐம்பத்தைந்திலிருந்து அறுபத்தொன்று வரை நடந்த குளிப்புகளில் அவனுக்கு நான்தான் கயிறு பிடித்தேன். கையில் கடிகாரம் கிடையாது. அருள் நிறைந்த மரியே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நிற்பேன். நாலாவது முடியும்போது சுண்டல் வரும், இழுப்பேன். ஒருநாளும் அவன் இரண்டு தரம் சுண்டியதில்லை. அறுபத்தொன்றோடு குளிப்பு நின்றுபோனது. அவன் உப்பளத்துக்குக் காவலாளியாகப் போனான். நான் ஏற்கெனவே இந்த வீட்டில் இருந்தேன்.

எழுபத்துநாலு வரை இந்த வீட்டை நான் பத்தொன்பது வருஷம் பார்த்தேன். ஹென்றி ஐயாவின் அப்பா என் கையில் சாவியைத் தந்தபோது இது வெறும் சங்கு வியாபாரியின் பழைய வீடு. அதை முத்துக்குளிப்புக் காட்சியகமாக்கி, ஒவ்வொரு பொருளுக்கும் நான்தான் அட்டை எழுதினேன், மசிப்பேனாவால், அடித்தல் திருத்தல் இல்லாமல். ஆட்கள் அதிகம் வரவில்லை என்பது உண்மை. சில மாதம் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. அதனால் பொருள்களுக்குக் கேடு ஒன்றும் வந்துவிடவில்லை.

எழுபத்துநாலில் கிளாடிஸ் வந்தாள். நாசரேத்துப் பெண். அவள் அப்பாவும் அம்மாவும் வாத்தியார்கள். அவள் சென்னையில் இதற்கென்றே படித்தவள். புதுத் துறைமுகம் வந்திருக்கிறது, ஊரே மாறுகிறது, இந்த வீட்டையும் தூக்கி நிறுத்த வேண்டும் என்று ஹென்றி ஐயா அவளை மேலே வைத்தார், என்னைத் துணைக்கு வைத்தார். அவள் என்னை மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டைக்காரியாக இருந்திருந்தால் எனக்கும் ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"அண்ணாச்சி, உங்க கையெழுத்து ரொம்ப அழகு. ஆனா கண்ணாடி போட்டவங்களுக்கு வாசிக்க முடியல. டைப் அடிச்சு வைப்போமா?" என்பாள். சரி என்றேன். என் அட்டைகள் ஒரு பிஸ்கோத்து டின்னுக்குள் போயின. ஆட்கள் வந்தார்கள். முதல் மாதம் இருநூறு, ஆறு மாதத்தில் ஆயிரத்துக்குமேல். துறைமுகத்து என்ஜினீயர்கள் மனைவி மக்களோடு வந்தார்கள். வந்தவர்கள் என்னிடம் செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றில் குளித்துக் காட்டலாம் என்பதும் அவள் யோசனைதான். முற்றத்துக் கிணறு நாலு ஆள் ஆழம், உப்புத் தண்ணீர், குடிக்க ஆகாது. அடியில் சிப்பி ஓடுகளைப் போட்டுவைத்தால் அள்ளி வரலாம். இது என்ன சர்க்கஸ் கூடாரமா என்று நான் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு நேரே உப்பளத்துக்குப் போய்ப் பர்னபாஸிடம் கேட்டாள். அவனுக்கு ஐம்பத்துநாலு வயது, நெஞ்சில் சளி வேறு. நான் தடுத்தேன். அவன் கேட்கவில்லை.

"மச்சான், மேல வந்ததும் எல்லாரும் கை தட்டுதாவ வே. அத்தன வருசம் கடலுக்குள்ள கெடந்தேன், ஒருத்தன் தட்டுனானா?" என்றான். "நீரு பிடிச்சா எனக்கு என்ன பயம்."

ஆக, பத்தொன்பது வருஷம் தலைமையாக இருந்தவன் ஞாயிறுதோறும் வேட்டியை மடித்துக்கட்டிக் கிணற்றடியில் நின்றேன். ஒன்பது ஞாயிறு அப்படிப் போனது. ஒன்றிலும் தவறு நேரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது ஞாயிறு, எழுபத்தைந்து மார்ச். கலெக்டர் வந்தார். அவரோடு சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள். வீட்டை அரசாங்கத்தின் பாதுகாப்பில் எடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள். அன்று காலை நான் பூசை முடிந்து வந்ததும் கிளாடிஸ் என்னிடம் முத்து அறைச் சாவியைக் கேட்டாள். அது என் இடுப்பிலேயே கிடந்த சாவி. விருந்தாளிகளுக்கு அவளே திறந்து காட்டினால் நன்றாக இருக்கும் என்றாள். கழற்றிக் கொடுத்தேன். இடுப்பு லேசாகிவிட்டது. அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை, வேறு ஒன்றும் இல்லை.

பத்தரை மணிக்குப் பர்னபாஸ் இறங்கினான். சிலுவை போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். கல் அடி தட்டியது, கல்லை இழுத்து மேலே வைத்தேன். மற்றக் கயிறு என் வலது கையில் இருந்தது. முதல் மந்திரம், இரண்டு, மூன்று. நாலாவது முடியும்போது சுண்டல் வந்தது.

நான் இழுக்கவில்லை.

கை மரத்துப்போய்விட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கு நானே அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். கை நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். இன்னும் ஒரு மந்திர நேரம். கலெக்டர் முகத்தில் கலவரம் தட்டட்டும், இது ஆபத்து, நிறுத்துங்கள் என்று அவர் வாயால் வரட்டும், அப்புறம் இழுத்துக்கொள்ளலாம். அதோடு இந்தக் கூத்து ஒழியும், வீடு பழையபடி வீடாக இருக்கும். பர்னபாஸுக்கும் நல்லதுதானே, இந்த வயதில் குளிக்க வேண்டியதில்லை.

கலெக்டர் பயப்படவில்லை. எவ்வளவு நேரம் தம் கட்டுகிறார் பாருங்கள் என்று பக்கத்து அதிகாரியிடம் வியந்து சொன்னார். ஒருவர் கைதட்டவே ஆரம்பித்தார். இதற்கு நான் என்ன செய்ய முடியும்? பயப்பட வேண்டியவர்கள் பயப்படாமல் ரசித்துக்கொண்டிருந்தால், காத்திருப்பவன் இன்னும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

ஆறாவது மந்திரத்தில் இரண்டாவது தரம் சுண்டினான். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் செய்யாததைச் செய்கிறான், என்னை நம்பவில்லை என்று பட்டது. மனசு ரொம்பப் புண்பட்டது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கிளாடிஸ் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள். "அண்ணாச்சி, நேரம் ஆகலையா?"

"இன்னும் ஆகலம்மா," என்றேன்.

அவள் நம்பினாள். திரும்பிப் போய் விருந்தாளிகளிடம் முத்துக்குளிப்பின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினாள். என் அட்டையில் நான் எழுதியிருந்த அதே வரிகள்தான். மூன்றாவது சுண்டலும் வந்தது. மீன் தூண்டிலைத் தொட்டுவிட்டுப் போவதுபோல இருந்தது. அதற்குப் பிறகு கயிற்றில் ஒன்றும் இல்லை. பதினோராவது மந்திரத்தில் இழுத்தேன்.

தானாக நீந்தி வந்திருக்கலாமே என்று விசாரணையில் கேட்டார்கள். இடுப்பில் சிப்பி நிறைந்த வலைப்பை இருந்தது. அது இல்லாவிட்டாலும் குளியாளி உதைத்து மேலே வரமாட்டான். மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டு கயிற்றோடு அசையாமல் இருப்பான், மச்சான் இழுப்பான் என்று. பதினாலு வயதில் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது.

சிப்பியை அள்ளி முடித்ததுமே நெஞ்சு நின்றிருக்கும், அதனால் சுண்டியிருக்கமாட்டான் என்று டாக்டர் சொன்னார். சுண்டல் வந்ததா என்று என்னிடம் கேட்டார்கள். கயிறு என் ஒருவன் கையில்தான் இருந்தது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். வரவில்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டேன். கிளாடிஸ் அழுதுகொண்டே, யோசனை என்னுடையது, வயசானவரைக் குளிக்கச் சொன்னது நான்தான், பழி என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டாள். இப்போது சாத்தான்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாளாம். மாதம் தவறாமல் பேபிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுகிறாள். பேபிக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

ஹென்றி ஐயா சாவிக்கொத்தை என்னிடமே தந்தார். "பாஸ்கல், இனி நீரே பாத்துக்கிடும். எனக்கு மனசு விட்டுப்போச்சு," என்றார். கிணற்றுக்குக் கம்பிவலை போட்டேன். பிஸ்கோத்து டின்னிலிருந்து என் அட்டைகளை எடுத்துத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தேன். அரசாங்கத்தார் திரும்ப வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை. போன வருஷம் முழுக்க முப்பத்தொன்பது பேர். வீடு அமைதியாக இருந்தது. நீங்கள் வருகிறீர்கள் என்றபோது எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, வயதாகிவிட்டது.

இந்தத் திட்டத்தின் கடைசிப் பக்கம் மட்டும் இல்லாவிட்டால் இதை எழுதியிருக்கமாட்டேன். நேற்று மத்தியானம் பேபி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தினமும் கொண்டுவருகிறாள். நான் தனிக்கட்டை. கஸ்பார் இப்போது சங்கு குளிக்கிறான், இருபத்தாறு வயது, அப்பனைப் போலவே கண்ணைச் சிமிட்டுவான். அப்பா குளித்த கிணற்றில் குளிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாம். கல்யாணம் ஆகாதவனுக்கு மச்சான் ஏது. தாய்மாமன் பிடித்தாலும் முறைதான்.

"யண்ணே, நீ பிடிப்பேன்னா அவன அனுப்புதேன்," என்றாள். "வேற யாரு பிடிச்சாலும் விடமாட்டேன். அன்னைக்கும் நீ பிடிச்சிருக்கன்னுதான் நான் பாக்கக்கூட வரல. வீட்டுல இருந்து மீனு ஆஞ்சிக்கிட்டிருந்தேன்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டாள். சரி என்றேன். அவன் குளிக்கட்டும் என்பதற்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டேன். அவளிடம் எனக்கு எப்போதுமே பேச்சு எழாது, சின்ன வயதிலிருந்தே.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். சுண்டல் வந்தது, மூன்று தரம். தெரிந்தே இழுக்காமல் நின்றேன். பர்னபாஸைக் கொன்றது நான்தான். கிளாடிஸுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. கஸ்பார் கீழே இருக்கும்போது என் கையில் கயிற்றைத் தராதீர்கள். அப்போது எனக்கு என்ன தோன்றும் என்று எனக்கே தெரியாது. இந்தக் கடிதத்தைப் போலீசில் கொடுப்பதோ அடுப்பில் போடுவதோ உங்கள் இஷ்டம். பொறுப்பு இனி உங்களுடையது.

பேபியிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது ஒன்றை மறக்காமல் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவள் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. இழுத்த இழுப்பில் என் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அவளே மஞ்சள் அரைத்துப் போட்டாள். அன்று முற்றத்தில் நின்ற நாற்பது பேரும் சாட்சி. கடைசிவரை அந்தக் கயிற்றை நான் கையைவிட்டு விடவே இல்லை.