புரொபசருக்கு மாதம் மூன்று சொல்

மனிதர்களுக்குக் கடவுச்சொல் வைக்கத் தெரியாது. ஜெர்மனியின் கீல் நகரத்தில் எங்கள் ஆய்வு நிறுவனத்தில் பாதிப் பேர் தங்கள் நாயின் பெயரை வைத்திருந்தார்கள். நாய் இல்லாதவர்கள் மனைவியின் பெயரை. இயக்குநர் புரொபசர் டீஸ்டல்காம்ப் தன் பெயரையே வைத்திருந்தார்.

அதை எவனோ ஊகித்து, அவர் முகவரியிலிருந்து அமைச்சகம் முழுவதற்கும் ஆண்மை லேகிய விளம்பரம் அனுப்பிவிட்டான். கூட்டத்தில் அவர் பழியை என் தலையில் கட்டினார்: "வயர் மாட்டுற ஆள்கிட்ட மெயில் சர்வரைக் கொடுத்தா இப்படித்தான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு நிரல் எழுதினேன். மாதம் பிறந்தால் அது ஒவ்வொருவருக்கும் மூன்று சொற்களைத் தற்செயலாகப் பொறுக்கி, கடவுச்சொல்லாக அமைத்துவிடும். மாற்ற முடியாது, தினமும் காலையில் கையால் அடித்தால்தான் அஞ்சல் திறக்கும். செயலாளர் லோரென்சனுக்கு 'ஆமை கரண்டி மேகம்'. புரொபசருக்கு மட்டும் நானே பொறுக்கினேன். ஒரு சின்ன விதிவிலக்கு.

'ஊதிப்போன பழைய பலூன்' வந்த அன்று நிலவறையில் இருந்த என் அறைக்கு இறங்கி வந்தார்.

"இதை யாரு போட்டது, ராட்யே?"

"நிரல்தாங்க புரொபசர். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கும்."

"அப்ப சரி. தற்செயலுக்கு மரியாதை தெரியாது."

நிகழ்தகவில் இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர். தற்செயல்மீது புகார் சொல்வது தன் படிப்புக்கே இழுக்கு என்று நினைத்திருப்பார்.

அடுத்த மாதம், அவர் எழுதிய புத்தகம் வெளிவந்திருந்த சமயம், 'புத்தகத்தை யாரும் படிக்கவில்லை'. மறுபடி வந்தார், கொஞ்சம் வெளுத்து.

"நீங்க போட்டீங்களோன்னு ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன், ராட்யே. அப்புறம் யோசிச்சேன், உங்களுக்கு அவ்வளவு கற்பனை கிடையாது."

அன்று அவர் சந்தேகத்தோடு போயிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டரம்மா.

அதற்கடுத்து 'மனைவியிடம் உண்மையைக் கேள்'. கேட்டிருக்கிறார். அந்த அம்மாளிடம் ஏதோ உண்மை இருந்திருக்கிறது. அது என் நிரலில் இல்லாதது. அவள் வீட்டை விட்டுப் போன பிறகு, தற்செயல் இப்படி வரிசையாக அமைய வாய்ப்பே இல்லை என்று கணக்குப் போட்டு நிரூபித்தார்.

"ஏதோ ஒண்ணு என்கிட்ட பேசுது, ராட்யே," என்றார், கிட்டத்தட்டச் சந்தோஷமாக. கணக்கில் பிழையில்லை.

மதியம் உணவுக்கூடத்தில் ஹெர்ரிங் மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே அவர் இதய மாத்திரை விழுங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மார்ச் மாதத்துக்கு 'மாத்திரை இனி தேவையில்லை' என்று அமைத்தேன். மறுநாளிலிருந்து அவருடைய தண்ணீர் டம்ளர் நிறைந்தபடியே திரும்பியது. அந்த மாதம் முடிவதற்குள் லோரென்சன் அழுதுகொண்டே போன் செய்து, அவருடைய அஞ்சல் கணக்கை மூடச் சொன்னாள்.

சொற்களைத் தேர்ந்தது நான், இயந்திரம் அல்ல. கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவருடைய கடிதம் ஒன்றைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. அடுத்தவர் வாழ்க்கையில் தலையிடும் பழக்கம் எனக்குக் கிடையாது.