லூஸ் கான்டாக்ட்

மத்தியானம் மூன்று மணி. கல் உடைக்கும் ஆலைக்குப் போகிற மண் ரோடு. லாரிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம். ஈ காக்காய் கிடையாது...

என்ன முறைக்கிறீர்கள்? பேய் என்றால் நடுராத்திரிதான் வர வேண்டும் என்று எழுதியா வைத்திருக்கிறது? போர்வையை இழுத்துக்கொண்டு கிட்டே வாருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் மட்டும் வாசல் பக்கமாக உட்காருங்கள். இதில் பயத்தைவிடக் குமட்டல்தான் அதிகம்.

நடந்தது என் நண்பனுடைய அக்கா கணவருக்கு. கார் எலக்ட்ரீஷியன். எல்லாரும் அவரை மோப்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். பானெட்டைத் திறந்து மூக்கை நுழைத்தால் போதும், கருகினது ரிலேயா, வயரா என்று வாசனையிலேயே சொல்லிவிடுவார். அப்போது அவர் மனைவிக்கு நிறைமாதம். வீடோ ஊருக்கு வெளியே. கையில் இருந்தது ஒரு ஓட்டை ஸ்கூட்டர். வலி எடுத்தால் எதில் கொண்டுபோவது என்கிற கவலை ஒன்றுதான் அவருக்கு. அந்த நேரம் பார்த்து ஒரு போன். பழைய கார் கிடக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை, சரி பண்ணி நீங்களே ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள், எங்களுக்கு வேண்டாம். மனிதர் பறந்து போனார்.

ரோட்டின் கடைசியில் ஒரு மாடி வீடு. பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் கார். போன் பண்ணின வீட்டுக்காரர் மகன், கர்ச்சீப்பால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூரத்திலேயே நின்றான். மோப்பம் கார் கதவைத் திறந்தார். அவ்வளவுதான்... கதவை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் வந்தார். பழைய வண்டிகளில் எலி செத்துக் கிடப்பது சகஜம். அந்த நாற்றம் அவருக்கு அத்துப்படி. இது எலி இல்லை.

"தம்பி, உள்ள என்ன செத்துச்சு?"

அவன் கர்ச்சீப்பை எடுக்காமலே சொன்னான். "எங்கப்பா."

பெரியவருக்கு வீட்டுக்குள் ஒரு மூலை கூடக் கிடையாது. இருமினால் மருமகளுக்கு ஆகாது. அதனால் காரில் போய் உட்கார்ந்து ரேடியோ கேட்பாராம். ஒருநாள் அப்படியே போய்விட்டார். சாப்பிட வரவில்லையே என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நாற்றம் மாடிக்கு ஏறின பிறகுதான் பிள்ளைக்கு அப்பா ஞாபகம் வந்திருக்கிறது. த்தூ... சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது.

டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஒரு கறை. மோப்பம் அதில் உட்காரவில்லை. வேறு பேட்டரி மாட்டி, சீட்டை மறித்துக் குனிந்து, மகன் கொடுத்த சாவியைப் போட்டு, செல்ஃப் அடித்தார். என்ஜின் பிடித்தது... அடுத்த மூச்சில் அணைந்தது. மறுபடி அடித்தார். அதே கதை. மீட்டர் பக்கத்தில் சாவிப் படம் போட்ட சின்ன சிவப்பு விளக்கு, படபடவென்று மின்னிக்கொண்டே இருந்தது.

அதைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. இந்த மாதிரி வண்டிகளில் சாவியின் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கும். சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையம் அந்தச் சிப்பைப் படிக்கும். இரண்டு விரல்கடை தள்ளிப் போனாலும் படிக்காது. ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு தடவை படித்தால் போதும், விளக்கு அணையும், வண்டி ஓடும். படிக்காவிட்டால் விளக்கு மின்னும், வண்டி நின்றுவிடும். திருட்டுப் போகாமலிருக்க வைத்த ஏற்பாடு. மகன் கொடுத்ததோ தெருமுனையில் வெட்டின வெறும் இரும்புச் சாவி.

"இது டூப்ளிகேட். ஒரிஜினல் எங்க?"

"அப்பா சட்டைப் பையில."

"சரி, எடுத்துக் குடுங்க."

அவன் தரையைப் பார்த்தான். "அவர் இருந்த நிலைமைல யாரும் கை வைக்கல அண்ணே... அப்படியே ப்ளாஸ்டிக் ஷீட்ல சுத்தி, புதைச்சிட்டோம்."

பெற்ற அப்பா. சட்டைப் பைக்குள் ஒரு கையை விட அருவருப்பு. மோப்பம் கொட்டகைக்கு வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார்.

இனி ஒரே வழிதான். காயலான் கடையில் இதே மாடல் வண்டியிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டி, வளையம், சாவி மூன்றையும் ஒரே செட்டாகக் கழற்றி வந்து மாற்ற வேண்டும். கிடைக்க நாளாகும். அவர் மனைவிக்கோ நாளில்லை. எரிச்சலோடு, வெளியே நின்றபடியே ஜன்னலுக்குள் கையை விட்டு, கடைசியாக ஒரு தடவை சாவியைத் திருப்பினார்.

கிறீச்...

டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் அமுங்கின சத்தம். யாரும் இல்லை. நாற்றம் மட்டும் முகத்துக்கு நேரே குப்பென்று வந்தது. விளக்கு அணைந்தது. என்ஜின் பிடித்து, நிற்காமல் ஓடியது.

எலக்ட்ரீஷியன்களுக்குப் புரியாத எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். "லூஸ் கான்டாக்ட்," என்றார் மோப்பம். மகனும் தலையாட்டினான். ஆனால் லூஸ் கான்டாக்ட் இருந்தால், இருக்கிற சாவியை வண்டி மறக்கும். மண்ணுக்குள் கிடக்கிற சாவியை எப்படிப் படிக்கும்? அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார். அவருக்கு வண்டி வேண்டும்.

சீட்டில் சாக்கு விரித்து ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. பக்கத்து சீட்டில் கிறீச் என்று ஒரு சத்தம்... தள்ளி உட்கார்ந்த மாதிரி. வாயை மூடிக்கொண்டு வீடுவரை ஓட்டினார். கண்ணாடி நாலையும் இறக்கிவிட்டும் மூக்கில் ஏறினது இறங்கவில்லை. வாசலுக்கு வந்த மனைவி ஒரே ஓட்டமாகக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

சோடாத் தூள் போட்டார், பினாயில் ஊற்றித் தேய்த்தார், வெயிலில் காய வைத்தார். அந்த நாட்களில் ஒன்று மட்டும் பழகிப்போனது. சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் விளக்கு மின்னும். சீட்டைக் காலியாக விட்டு, வெளியே நின்று திருப்பினால்... அணையும்.

வலி ராத்திரியில் வந்தது. மனைவியைப் பின்சீட்டில் படுக்க வைத்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டார். கிறீச். விளக்கு அணைந்தது. ஏறி ஓட்டினார். ஆஸ்பத்திரிக்கும் அதே மண் ரோடுதான் வழி. ஒரு பள்ளத்தில் பதறிப்போய் கிளட்சை விட்டுவிட்டார். குலுங்கி, வண்டி நின்றுவிட்டது.

கீழே இறங்கினார். ஜன்னல் வழியாகச் சாவியைத் திருப்பினார். விளக்கு மின்னியது. என்ஜின் அணைந்தது. மறுபடி... மறுபடி... மின்னிக்கொண்டே இருந்தது. சீட் காலியாகத்தான் இருந்தது. சத்தம் இல்லை. முன்னால் நாற்றமும் இல்லை.

பின்சீட்டிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க... முன்னாடி உங்க பக்கத்துல உக்காந்திருந்தாரே, யாருங்க இவரு? இங்க வந்து என் கையைப் புடிச்சிக்கிட்டாரு... கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு... நாத்தம் தாங்கலைங்க... முன்னாடி போகச் சொல்லுங்க..."

மோப்பத்துக்குக் கால் ஓடிவிடச் சொன்னது. ஓடினால் மனைவி போய்விடுவாள், குழந்தையும் போய்விடும். முன்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். பெற்ற பிள்ளை சொல்லாத வார்த்தையைச் சொன்னார்.

"ஐயா... வாங்கய்யா. வந்து உக்காருங்க. என் பொண்டாட்டியக் காப்பாத்திக் குடுங்க."

பிறகு நனைந்த சட்டைக் கை ஒன்று அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. உரசின இடத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டது. அவர் துடைக்கவில்லை. கிறீச். விளக்கு அணைந்தது.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பிரசவ அறையில் மனைவியின் கையைத் துடைத்த நர்ஸ் மட்டும் பாதியிலேயே வெளியே ஓடினாளாம். என்ன பார்த்தாள் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அப்புறம் காயலான் கடைச் செட் வந்தது. கம்ப்யூட்டர், வளையம், சிப் வைத்த சாவி, எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது மோப்பம் தன் சாவியைப் போட்டு, தானே உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணுகிறார். பழைய சாவிக்கு அங்கே இனி வேலையே இல்லை.

ஆனால் அந்தத் தொழிலில் இன்னொன்றும் சொல்வார்கள். இரண்டு சிப் வளையத்துக்குக் கிட்டே வந்தால், வண்டி குழம்பிப்போகும், எந்தச் சாவியையும் படிக்காது. சில நாள் காலையில் அந்தக் கார் அப்படி நின்றுவிடுமாம். மோப்பம் பானெட்டைத் திறப்பதே இல்லை. இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஐயா, பின்னாடி உக்காருங்க," என்பார். கொஞ்சம் பொறுத்துக் கதவைச் சாத்துவார். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். பார்த்தவர்கள் கேட்டால், லூஸ் கான்டாக்ட் என்பார்.

போன மாதம் நானும் அந்தக் காரில் போனேன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் வண்டி குழம்பியது. அவர் இறங்கி, பின்கதவைத் திறந்து, சொல்லிவிட்டுச் சாத்தினார். நான் சும்மா திரும்பிப் பார்த்தேன்.

பின்சீட்டில் அவருடைய அந்தப் பெண் குழந்தை தனியாக இருந்தது. அதற்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. யாரும் சொல்லாமலே ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டது. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டது. இன்னொரு கையை நீட்டி, பிடிக்கக் கொடுத்தது.