பூசணிக்காய் கட்டாத வீட்டிலிருந்து முகப்புக் கலைஞருக்கு

பெரம்பலூரில் நமது கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வீட்டு முகப்புகளை வரைந்து, இன்று பணிநிறைவு பெறும் மூத்த வரைவாளர் திரு. தர்மன் அவர்களுக்கு, பணியாளர்கள் அனைவரின் சார்பில், உள்ளறைகளை வரையும் பூங்குழலி எழுதி வாசித்தளிக்கும் மடல்.

முகப்பின் முதல்வரே, வண்ணத்தின் வள்ளலே, வீதியில் போவோர் விழிகளை வளைத்துப் பிடிக்கும் வித்தகரே, வெறும் செங்கல்லுக்குச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்த செம்மலே, துறைமங்கலம் தொடங்கி அரியலூர் எல்லைவரை பேருந்துப் பயணிகளை இருபுறமும் திரும்பித் திரும்பிப் பார்க்க வைத்துக் கழுத்துவலி தந்த கலைஞரே, எங்கள் அன்பிற்கும் மதிப்பிற்கும், அவற்றைவிடக் கூடுதலாக என் வயிற்றெரிச்சலுக்கும் உரியவரே, வணக்கம்.

பாராட்டு மடலில் வயிற்றெரிச்சலுக்கு என்ன வேலை என்று முதலாளி பாலசுந்தரம் ஐயா மேடையில் நெளிவது எனக்குத் தெரிகிறது. ஐயா பொறுத்தருள வேண்டும். இந்த மடலை எழுதும் பொறுப்பை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே கேட்டு வாங்கினேன். எதற்காக வாங்கினேன் என்பது போகப் போகத் தெரியும்.

நம் அலுவலகத்தில் ஒரு வீட்டை இரண்டு பேர் வரைகிறோம். வாசற்படிக்கு உள்ளே இருப்பதெல்லாம் என்னுடையது. அடுப்பு எந்தத் திசை பார்க்க வேண்டும், குளித்துவிட்டு வருகிறவர் கூடத்தில் இருக்கும் விருந்தாளி கண்ணில் படாமல் எப்படி அறைக்குப் போவார், துவைக்கும் இயந்திரத்தை எந்த மூலையில் ஒளிப்பது என்பதையெல்லாம் நான் யோசிக்கிறேன். வாசற்படிக்கு வெளியே தெரிவது உங்களுடையது. வருகிறவர்கள் அதை எலிவேஷன் என்பார்கள், நாம் முகப்பு என்போம். உள்ளே குடியிருப்பவர்கள் நாலைந்து பேர், வெளியிலிருந்து பார்ப்பவர்களோ ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஆகவே பெயரெல்லாம் உங்களுக்குப் போனது. அது இயற்கைதான் என்று என் மூளைக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத்தான் தெரியவில்லை.

கற்பனையின் களஞ்சியமே, உங்கள் திறத்துக்குச் சான்று தேடி நான் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. வேப்பந்தட்டையில் மக்காச்சோளம் பயிரிடும் குடும்பம் ஒன்று, துபாய் மாளிகை ஒன்றின் படத்தைக் கைப்பேசியில் கொண்டுவந்து நீட்டி, "இதே மாதிரி வேணும் சார், ஒன்னும் மாறக் கூடாது" என்றது. நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள், பிறகு அவர்களைப் பார்த்தீர்கள். "செஞ்சிரலாங்க. ஆனா அங்கல்லாம் கார்ல வந்து எறங்கறவன் நேரா உள்ள போயிருவான். நீங்க சாயந்தரம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காருவீங்கள்ல, எங்க உக்காருவீங்க?" என்று கேட்டீர்கள். பிறகு அவர்கள் உட்கார்வதற்கு மேற்கு வெயில் விழாத ஓர் ஒதுக்கம் வைத்து, இரும்புத் தகட்டில் சோளத் தோகைகளை வெட்டிக் கதவு அமைத்து, சாயங்காலத்தில் அந்தத் தோகைகளின் நிழல் வாசலெங்கும் நீண்டு விழும்படி செய்தீர்கள். அடுத்த ஆண்டு அந்தத் தெருவில் பாதி வீட்டுக் கேட்டுகளில் சோளத் தோகை முளைத்திருந்தது. காப்பியடித்தவர்கள்மேல் உங்களுக்குக் கோபமே வரவில்லை. ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். அடக்கம் உங்கள் அருங்குணங்களில் ஒன்று என்று எழுதச் சொன்னார்கள். மேடையில் பொய் சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டேன்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரம் ஒரு வீடு. எந்த வண்ணம் அடித்தாலும் மாதம் ஒன்றில் புழுதி ஏறிக் கிழடு தட்டிவிடும் என்று வீட்டுக்காரர் அழாத குறையாக வந்தார். நாங்களெல்லாம் டைல்ஸ் ஒட்டலாம், செடி வைத்து மறைக்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். நீங்கள் அந்தச் சாலையில் நின்ற புளியமரத்தின் இலையில் படிந்த புழுதியை விரலால் தடவி எடுத்து, விரலோடு பெயிண்டுக் கடைக்குப் போய், அதே நிறத்தைக் கலக்கச் சொன்னீர்கள். "புழுதி என்ன கலரோ அதையே கீழ இடுப்பு ஒசரத்துக்கு அடிச்சிருங்க. அப்பறம் எவ்ளோ புழுதி வந்தாலும் வூடு அழுக்காவாது" என்றீர்கள். அந்த வீடு இன்றும் நேற்றுக் கட்டியதுபோல நிற்கிறது. அன்று நான் வீட்டுக்குப் போனதும் படுத்துக்கொண்டேன். அந்த யோசனை எனக்கு வந்திருக்கக் கூடாதா என்ற ஆற்றாமைதான்.

இவை அனைத்தையும் மன்னித்திருப்பேன். என்னால் பொறுக்க முடியாதது உங்கள் கொக்கி.

வீடு எழும்பும்போதே கண்ணும் மீசையும் வரைந்த பூசணிக்காயை முகப்பில் தொங்கவிடுவது நம் மக்களின் வழக்கம். கண்ணேறு பட்டுவிடக் கூடாது என்பது கவலை. மற்ற வரைவாளர்கள் அழகாக ஒரு முகப்பை வரைந்து கொடுப்பார்கள். வீட்டுக்காரர் அதன் நட்டநடுவில் ஒரு கம்பியைச் செருகிப் பூசணிக்காயைக் கட்டி, அந்த அழகைக் கெடுத்துவிடுவார். நீங்கள் ஒருவர்தான் வரைபடத்திலேயே பூசணிக்காய்க்கு இடம் விட்டவர். மாடத்தின் அடியில், நிழல் விழும் இடமாகப் பார்த்து, ஒரு கொக்கி. அதில் பூசணிக்காய் தொங்கினால் முகப்புக்குப் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். இந்த வட்டாரத்தில் கொக்கி வைத்த வீடு என்றால் தர்மன் சார் வரைந்த வீடு என்று எல்லாருக்கும் தெரியும். அதாவது, ஊர் பொறாமைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்து, அந்தப் பொறாமைக்கும் சேர்த்து வரைந்தவர் நீங்கள்.

கீழப்பழுவூர் ஜெகதாம்பாள் அம்மாள் வீட்டுப் புதுமனை புகுவிழா உங்களுக்கு நினைவிருக்கும். அந்த அம்மாள் சற்றுக் குள்ளம். அவர் கைக்கு எட்டும்படி அடுப்பு மேடையையும் தொட்டியையும் தாழ்த்தி, அரிசி டப்பா வரைக்கும் அளந்து வரைந்தவள் நான். அந்த மேடையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, அவர் தம் உறவினரிடம் சொன்னார், "எல்லாம் தர்மன் சார் கைவண்ணந்தான். வெளிய வந்து பாருங்க." உறவினர் அத்தனை பேரும் வெளியே போனார்கள். உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னிடம், "சாப்புட்டுட்டுப் போங்கம்மா" என்றார்கள். நானும் சாப்பிட்டேன். நீங்கள் அந்தப் பொன்னாடையைக் கழற்றாமலே பேருந்தில் ஏறி, அலுவலகம்வரை வந்து சேர்ந்தீர்கள்.

அன்றுதான் முடிவு செய்தேன், என் வீட்டுக்கு நீங்கள் முகப்பு வரையக் கூடாது என்று.

அவையோர் அறிவார்கள், துறைமங்கலத்தில் நானும் என் கணவர் மணிமாறனும் கட்டிய வீட்டுக்கு வயது நான்கு. உள்ளே நான் வரைந்தது, குறையொன்றும் இல்லை. முகப்பையும் நானே வரைவதாகச் சொல்லித் தாள் தாளாகத் தீட்டினேன். ஒன்றை என் கணவரிடம் காட்டியபோது வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பேங்க் மாதிரி" என்றார். கிழித்துப் போட்டேன். இன்னொன்று மருத்துவமனை மாதிரி வந்தது. இதற்கிடையே சுவர்கள் எழுந்துவிட்டன. உழவர் சந்தையில் நல்ல பூசணிக்காயாகத் தேடி வாங்கிக் கொத்தனார் வேல்முருகனிடம் கொடுத்தேன். அவர் பூசணிக்காயையும் பார்த்தார், பெட்டி மாதிரி நின்ற என் வீட்டையும் பார்த்தார். "இதுக்கு எதுக்கும்மா பூசணிக்கா? யாரு கண்ணு படப்போவுது? கூட்டு வெச்சிருங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, காய் வீணாகிறதே என்றுதான் சொன்னார். கூட்டு வைத்தேன். அந்தக் கூட்டு எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

பால் காய்ச்சிய அன்று நீங்கள் வந்தீர்கள். உடனே உள்ளே வரவில்லை. எதிர்ப்புறம் மின்கம்பத்தடியில் நின்று, இடது கண்ணைச் சுருக்கி, வலது கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் மெல்ல ஓட்டிக்கொண்டு, என் வீட்டைப் பார்த்தபடி இருந்தீர்கள். நான் அடுப்படிச் சன்னலில் நின்று அதைப் பார்த்தேன். அந்தக் கட்டைவிரலை எனக்குத் தெரியும். அது எந்த வீட்டின் முன்னால் அப்படி ஓடுகிறதோ, அந்த வீட்டின் முகப்பு மறுநாள் காலை தாளில் இருக்கும். பிறகு உள்ளே வந்து பாயசம் குடித்துவிட்டு, "காத்து நல்லா வருதும்மா" என்று மட்டும் சொல்லிப் போனீர்கள்.

மறுநாள் என் மேசையில் தாள் எதுவும் இல்லை. இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். கேட்காத வீட்டுக்கு வரைவதில்லை என்பது உங்கள் கொள்கை. "வூட்டுக்காரங்க வாயால கேக்கணும். கேக்காம வரைஞ்சா அடுத்தவங்க மூஞ்சிக்கு நாம பவுடர் போடுற மாதிரி" என்பீர்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் தோற்றுவிட்டதாக ஆகும் என்று நினைத்தேன். நான்கு ஆண்டுகளாக என் வீட்டு முகப்பு உங்கள் தலைக்குள் இருக்கிறது. தெருவில் நிற்பதோ, பிரைமர்கூட அடிக்காத சிமெண்டுச் சுவர். கூரியர் கொண்டு வருகிறவர் ஒவ்வொரு முறையும், "இன்னும் வேலை முடியலீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறார்.

சென்ற மாதம் தேநீர் வேளையில் நீங்கள் ஒரு சபதம் செய்தீர்கள். "ரிட்டயர்டு ஆன மறுநாள்லேர்ந்து பென்சிலத் தொட மாட்டேன். யாரு வந்து கேட்டாலும் ஒரு கோடு கெடையாது." எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி தம் மாடி வீட்டுக்காகக் கேட்டுப் பார்த்தபோது அவருக்கே இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. நாளைக்கு நீங்கள் சொந்த ஊரான ஏலாக்குறிச்சிக்குப் பேருந்து ஏறும்போது, என் வீட்டின் முகமும் உங்களோடு பேருந்து ஏறிவிடும்.

ஆகையால், சொன்ன சொல் தவறாத சான்றாண்மைச் சிகரமே, சபதம் நாளை முதல்தான் தொடங்குகிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இன்று அலுவலகம் மூடும்வரை தாங்கள் பணியில் இருக்கிறீர்கள். கழுத்தில் மாலையோடு மேடையில் உட்கார்ந்திருக்கும் மனிதர், இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது "மாட்டேன்" என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்த மடலைக் கேட்டு வாங்கினேன். இதோ, வீட்டுக்காரி வாயால் கேட்கிறேன். என் வீட்டுக்கு முகப்பு வரைந்து தாருங்கள். வரைந்து தந்த பிறகும் உங்கள்மேல் எனக்குப் பொறாமை குறையாது, கூடவே செய்யும். அதைப் பற்றிக் கவலை இல்லை. இத்தனை காலம் ஊரார் வீடுகளைப் பார்த்து நான் எரிந்தது போதும். ஒரு நாளாவது என் வீட்டைப் பார்த்து யாராவது எரிய வேண்டும்.

தாங்கள் பார்வை மங்காமல், பல் விழாமல், மீசையின் முறுக்குத் தளராமல், பேரப்பிள்ளைகளோடு நூறாண்டு நலமாக வாழ வேண்டும் என்று அலுவலகம் வாழ்த்துகிறது. அதில் நானும் மனதாரச் சேர்ந்துகொள்கிறேன். தங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் முக்காலியில் பழத்தட்டுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளும், நன்றாகச் சீவிய பென்சிலும் வைத்திருக்கிறேன். கொக்கியை மறந்துவிடாதீர்கள். மூன்றாவது வரிசையில் என் கணவர் மடியில் வைத்திருக்கும் பையில் என்ன என்று விழா தொடங்கியதிலிருந்து பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பூசணிக்காய்தான். இன்று காலை வாங்கினோம்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
பூங்குழலி

வாழ்த்துக்கு மட்டும் முழுமனதோடு பொறுப்பேற்று, பூசணிக்காய்க்குப் பொறுப்பேற்காமல் கையொப்பமிடும்
அலுவலகப் பணியாளர்கள்,
பெரம்பலூர்