மேனேஜரின் சர்க்கரை அளவு

பூனைக்கு ஊசி போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதலில் சாப்பாடு வைக்க வேண்டும். அது தட்டில் தலையைக் கவிழ்த்ததும் முதுகுப்பக்கத் தோலை இரண்டு விரலால் கூடாரம்போலத் தூக்கி, அடிவாரத்தில் ஊசியைச் செருகி, அழுத்தி, எடுத்துவிட வேண்டும். பூனை திரும்பிப் பார்க்கும்போது நாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு நான்கே நாளில் கைவந்துவிட்டது.

நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று நேற்று கேட்டீர்கள். நியாயம்தான். அம்மாவின் விஷயத்தை மகள் கேட்காமல் யார் கேட்பது. வீட்டில் வெள்ளைத்தாள் இல்லாததால் அலுவலகப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் இருப்பது யார் வீட்டு மின்சாரமோ, அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது. இருபத்திரண்டு வருடமாக, நாளுக்கு நூறு கதவாவது தட்டுகிறேன். திறப்பவர்கள் உள்ளே திரும்பி, "மீட்டர் வந்திருக்கு" என்பார்கள். மீட்டர்காரர் என்றுகூட இல்லை. நான் குறிக்கும்வரை முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு நிற்பார்கள். குறித்ததும் கதவு சாத்தப்படும். மாலையில் வீட்டுக்கு வந்தால் என்னோடு பேசுவது குக்கர் ஒன்றுதான். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மனிதன் எப்படி இருந்தான் என்று தெரிந்தால்தானே எப்படி ஆனான் என்று தெரியும்.

அக்கா, அதாவது உங்கள் அம்மா, எதிர்வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறார். அதில் எட்டு வருடம் படிக்கட்டில் பார்த்தால் "என்ன தம்பி" என்பார், நான் "ஆமாக்கா" என்பேன். எதற்கு ஆமா என்று இருவரும் யோசித்ததில்லை. பிறகு ஒரு நாள் காலை என் கதவைத் தட்டினார். கையில் ஒரு ஊசி.

"தம்பி, நீ பொடி எழுத்தெல்லாம் படிக்கிற ஆளாச்சே. இதுல ரெண்டுங்கிற கோடு எங்க இருக்குன்னு பாரு. எனக்கு எல்லாம் புல்லு முளைச்ச மாதிரி தெரியுது."

முப்பது வருடம் தையல் கடை நடத்தியவர். கண்ணை மூடிக்கொண்டே நூல் கோத்தவர் என்று சொல்வார். அன்றைக்குக் கண்ணைத் திறந்தும் கோடு தெரியவில்லை.

அக்காவின் பூனை மேனேஜரை உங்களுக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், வருகிறவர் போகிறவரை முறைப்பதால் அந்தப் பெயர். அது குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, குடித்ததையெல்லாம் வெளியே விட்டு, எலும்பும் தோலுமாகி, பின்னங்கால்களை முழங்கை ஊன்றுகிற மாதிரித் தரையில் பதித்து நடக்க ஆரம்பித்திருந்தது. மருத்துவர் சர்க்கரை என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின். காலை ஏழு, மாலை ஏழு. உலர் தீனி கூடாது, இறைச்சிதான். ஊசிக்கு முன்னால் காதோரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சின்ன மீட்டரில் சர்க்கரை பார்க்க வேண்டும். இரண்டாவது மீட்டரும் என் கைக்கு வந்தது அப்படித்தான்.

காலை ஏழுக்கு ஒரு தேநீர், மாலை ஏழுக்கு ஒரு தேநீர். நான் எண்ணை வாசிப்பேன், அக்கா "அடப்பாவி மேனேஜரே" என்பார், நான் நோட்டில் எழுதுவேன். பிறகு பேசுவோம். தையல் கடைக்கு வந்த மாப்பிள்ளைகளின் இடுப்பளவு, உங்கள் பள்ளிக்கூடச் சேட்டைகள், மேல்வீட்டுக்காரர் தும்மும் விதம். மூன்றாவது வாரம் மேனேஜர் அரைவயிறு மட்டும் சாப்பிட்டதைக் கவனிக்காமல் ஊசி போட்டுவிட்டேன். சற்று நேரத்தில் அது குடிகாரன் மாதிரித் தள்ளாடி விழுந்தது. ஈறில் தேனைத் தடவிக்கொண்டு நானும் அக்காவும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அது எழுந்து நின்று எங்களை முறைக்கும்வரை அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார், மறந்துபோய். என் கையை ஒருவர் பிடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை.

அடுத்த மாதம்தான் கண் மருத்துவர் சொன்னது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, சொட்டு மருந்து போதாது, மூன்று மாதத்துக்குள் அறுவைசிகிச்சை வேண்டும், பார்வையில் போனது போனதுதான், இருப்பதையாவது காப்பாற்றலாம். உங்கள் ஊரில் நல்ல மருத்துவமனை இருக்கிறது என்று நீங்கள் தொலைபேசியில் கெஞ்சியதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"ஒரு பூனைக்காகக் கண்ணை விடுவீங்களாம்மா?"

"அது என் புள்ள மாதிரிடி."

"நான் யாரு? பக்கத்து வீடா?"

"நீ ஊசி இல்லாம இருப்ப. அது இருக்காது. சர்க்கரை எறங்கட்டும், மறுநாளே வண்டி ஏறிடறேன்."

பேச்சு இன்னொரு பக்கமும் போனது. இந்த வயதில் தனியாக எதற்கு, வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடேயே இருந்துவிடுங்கள் என்றீர்கள். அக்கா மறுக்கவில்லை. "பார்ப்போம்" என்றார். அவர் பார்ப்போம் என்றால் சரி என்று பொருள் என்பது இத்தனை நாள் தேநீரில் எனக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது மாத முடிவில் மேனேஜரைக் கூடையில் வைத்து மருத்துவரிடம் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சில பூனைக்கு இப்படி ஆகும். சர்க்கரை தானாவே அடங்கிடும். இனிமே ஊசி வேண்டாம், சாப்பாடு மட்டும் இதே மாதிரி பாத்துக்கங்க. நல்லா பாத்திருக்கீங்க சார்."

என்னை ஒருவர் பாராட்டியது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கூடையோடு மூன்று மாடி ஏறினேன். அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மேசையில் இரண்டு கோப்பை. ஒன்றை மூடியால் மூடி வைத்திருந்தார், ஆறக் கூடாது என்று.

"என்னப்பா சொன்னாரு?"

"முன்னூத்தி இருபதுக்கா. மறுபடி ஏறிடுச்சு, ஊசிய நிறுத்தக் கூடாதாம்."

நான் முன்கூட்டி யோசித்து வைத்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம். மூடியைப் பார்த்தேன், வாய் சொல்லிவிட்டது.

இனி நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது: நான் அந்தப் பூனைக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. தேவையில்லாத இன்சுலின் உயிரை எடுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். மறுநாளிலிருந்து ஒரு சொட்டு மருந்து அதன் உடம்பில் ஏறவில்லை. தோலைத் தூக்கி லேசாகக் கிள்ளுவேன். அது ஒருமுறை கத்தும். அக்கா அடுத்த அறையிலிருந்து "அவ்ளோதான்டா கண்ணா, முடிஞ்சுபோச்சு" என்பார். மீட்டர் 'பீப்' என்று சத்தம் போட்டாக வேண்டும், இல்லையென்றால் அக்கா கேட்பார். அதற்கு ரத்தம் வேண்டும். வாயில்லா ஜீவனின் காதை வீணாக எதற்குக் குத்துவது என்று என் விரலைக் குத்திக்கொண்டேன். ஏழு மாதம், நாளுக்கு இரண்டு முறை, பத்து விரலிலும் முறை வைத்து. நீங்கள் மீட்டரின் நினைவுப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, எல்லாமே சரியான அளவாக இருக்கிறதே என்று கேட்டீர்கள். அவை என்னுடையவை. தேநீருக்குப் பிறகு கொஞ்சம் ஏறும். மற்றபடி எனக்குச் சர்க்கரை இல்லை.

கடித்தது, கீறியது எல்லாம் மேனேஜர்தான். என்னைக் கண்டாலே நாற்காலிக்கு அடியில் போய்விடும். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு முறை நீங்கள் என்னிடமே பேசினீர்கள். "அண்ணா, உண்மையச் சொல்லுங்க, மேனேஜர் பிரயாணம் தாங்குமா?" என்றீர்கள். "தாங்காதும்மா, நானூறு இருக்கு" என்றேன். உங்கள் அம்மாவை நான் அக்கா என்கிறேன், நீங்கள் என்னை அண்ணா என்கிறீர்கள். முறை இடிக்கத்தான் செய்கிறது. இடித்தாலும் எனக்கென்று இருந்த உறவு அந்த இரண்டும்தான். ஒன்றுக்காக ஒன்றை விட முடியவில்லை. "நீங்க இல்லேன்னா எங்கம்மா என்ன பண்ணுவாங்கன்னே தெரியல" என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். அன்றிரவு அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

அக்காவும் ஒருமுறை கேட்டார். "நான் போய் ஆபரேஷன முடிச்சிட்டு வர்ற வரைக்கும் மேனேஜர நீயே வெச்சுக்கறியா தம்பி?" பகலெல்லாம் தெருவில் சுற்றுகிறவன், நடுவில் தள்ளாடி விழுந்தால் யார் தேன் தடவுவது என்றேன். அது பொய் இல்லை. நான் வேலைக்குப் போகிறவன்தான்.

மூன்று மாதக் கெடு தாண்டியது. ஆறாவது மாதம் அக்கா கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். எட்டாவது மாதம் என் முகத்துக்கு அரையடி தள்ளிப் பார்த்துப் பேசத் தொடங்கினார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்: "பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகமே இருட்டுன்னு நெனைக்குமாம். இங்க பூனை நல்லாத்தான் முழிச்சிட்டு இருக்கு. எனக்குத்தான் இருட்டிட்டு வருது." ஒரு நாள் மாலை தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். நிதானமாக, ஒரு சொட்டு சிந்தாத பாவனையில், மேசைமேல்.

"நிறைஞ்சிடுச்சா தம்பி?"

"நிறைஞ்சிடுச்சுக்கா."

துணியால் சத்தமில்லாமல் துடைத்துவிட்டு, வெறும் கோப்பையை எடுத்து உறிஞ்சினேன். நன்றாக இருக்கிறது என்றேன். மறுநாளிலிருந்து தேநீரை நானே போட ஆரம்பித்தேன். பிறகு காய்கறி நறுக்குவதை. பிறகு அவருடைய கடிதங்களைப் படித்துச் சொல்வதை. கண் மருத்துவமனையிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. அவற்றையும் படித்தேன், மனதுக்குள்.

போன வாரம் நீங்கள் சொல்லாமல் வந்துவிட்டீர்கள். மேனேஜரை நீங்களே தூக்கிக்கொண்டு போனீர்கள், மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். மறுநாள் அக்காவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போனீர்கள். வலது கண் முழுதும் போய்விட்டது, இடது கண்ணில் வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும் தெரியும், இனி அறுத்தும் பயனில்லை என்றார்களாம். இதை நீங்கள் சொல்லி முடித்ததும் தண்ணீர் கொண்டுவந்தேன். நீங்கள் வாங்கவில்லை.

ஏன் என்று கேட்டீர்கள். எழுதிப் பார்த்தபோது எனக்கே ஓரளவு தெளிகிறது. முடிவெடுத்தவர் அக்கா. பூனை தேறினால்தான் வருவேன் என்றது அவர் வாய். நான் ஒரு எண்ணை மட்டும்தான் வாசித்தேன். ஆனால் அது சரியான எண் இல்லை என்பதையும், சரியான எண்ணைச் சொல்லியிருந்தால் அவர் இன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்திருப்பார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தெரிந்துதான் செய்தேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். நீங்கள் முடிவு செய்ய வேண்டியது அது. நாளை மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு கிளம்புவதாகச் சொன்னீர்கள். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மேனேஜரைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் குறையும் இல்லாத பூனை, எந்தப் பயணமும் தாங்கும். ஆனால் பார்வை இல்லாத ஒருவரைப் பழகாத வீட்டில் கொண்டுபோய் வைப்பது சரியா என்று யோசித்துப் பாருங்கள். நீங்களும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். இங்கே அவருக்கு ஒவ்வொரு சுவரும் தெரியும். நான் அலுவலகத்தில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி பகலிலும் இருப்பேன். இவ்வளவு நாள் அவரைக் கண்போலப் பார்த்துக்கொண்டவன் நான் ஒருவன்தானே.