நானூத்திப் பன்னெண்டு

— மூணு பேருக்கும் நானூத்திப் பன்னெண்டு வருது ஜெயபாண்டி அண்ணே. சுகர் அப்பிடி ஒண்ணு போல வருமா?

— ஐரினு, ரிப்போர்ட்டு எதுவும் லேப்பை விட்டு வெளிய போயிருச்சா?

— மொதப் பேஷண்ட் ராமக்காளுக்குப் போயிருச்சு. திருவாதவூர்ல இருந்து வெறும் வயித்தோட வந்த அம்மா, இப்ப மயங்கிக் கெடக்கு. டாக்டர் இன்சுலின் எழுதிட்டாரு. ஓடிப்போயி தடுத்தேன். அஞ்சு நிமிஷம் தாரேன், தப்பா சரியான்னு உறுதியாச் சொல்லுங்கிறாரு.

— கைமிஷின்ல குத்திப் பாக்கலாம்ல?

— ஸ்ட்ரிப்பு தீந்துபோச்சாம். அட்டெண்டர் சோணை வாங்கப் போயிருக்காரு, காளவாசல் சிக்னலைத் தாண்டி வரணும்ல.

— சுகர் கொறஞ்ச மயக்கமா இருந்து ஊசியும் போட்டா ஆளு தங்காது.

— எனக்குத் தெரியாதா? நேத்து வந்து என்ன பண்ணீங்க, அதைச் சொல்லுங்க.

— புதுக் கம்ப்யூட்டருக்குள்ள உங்க பழைய சாஃப்ட்வேருக்குன்னு தனியா ஒரு கூண்டு கட்டுனேன். உள்ள இருக்குறதுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது. ரத்தம் பாக்குற மிஷினோட ஒயருக்கு ஒரு பேரு இருக்கும், அதைக் கூண்டுக்குள்ள காப்பி பண்ணேன். அது முடியாம அப்பிடியே தொங்கி நின்னுச்சு. நிப்பாட்டிட்டு சாஃப்ட்வேரைத் தெறந்தேன், பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. கெளம்பிட்டேன்.

— நம்பரைப் பாக்கலையா? மிஷினோட திரை செத்து ஒரு மாசமாச்சு, கம்ப்யூட்டர்தான் எனக்குக் கண்ணு.

— பாக்கல. இரு, தண்ணி குடிச்சுக்கிறேன். தெப்பக்குளத்துக்கிட்ட வண்டிய நிப்பாட்டிட்டு ரெண்டு பாட்டில் குடிச்சுட்டேன், இன்னும் நாக்கு ஒட்டுது.

— பயத்துல நீங்க குளத்தையே குடிச்சிருவீங்க. நான் என்ன அடிக்கணும்?

— கூண்டோட டெவ் ஃபோல்டருக்குப் போயி, எல் எஸ், எடம் விட்டு கோடு எல். யுஎஸ்பின்னு இருக்குற வரியில மொத எழுத்து என்ன? சி இருந்தா நெசமான ஒயரு.

— சி இல்ல. வெறும் கோடு.

— கடவுளே. அது ஒயரு இல்ல தாயி, வெறும் ஃபைலு. காப்பி தொங்கி நின்னப்ப மிஷின் அனுப்புனதை முழுங்கி வச்சிருக்கு. சாஃப்ட்வேரைத் தெறக்குறப்பல்லாம் அதையே படிக்குது.

— தொங்குனா மூடித் தெறன்னு நீங்கதான சொன்னீங்க. பேஷண்டுக்குப் பேஷண்ட் மூடித் தெறந்தேன்.

— டாக்டர்கிட்டச் சொல்லு. மிஷின் மேல தப்பில்ல, எம்மேலதான். ஓடு.

— லைன்ல இருங்க.

— இருக்கேன்.

— சொல்லிட்டேண்ணே. சிஸ்டர் பிலோமினாள் ஊசியப் போடாமக் கீழ வச்சுட்டு, சீனித்தண்ணி கரைச்சு நாக்குல தடவுனாங்க. இப்ப அந்தம்மா எந்திரிச்சு உக்காந்து, சாப்பிடாம வரச் சொன்னது யாருன்னு என்னையத் திட்டுது.

— நல்லாத் திட்டட்டும். அந்த ஃபைலை அழிச்சிரு, நான் வந்து ஒழுங்காப் போடுறேன்.

— அழிக்கமாட்டேன். உள்ள இருக்குறது ஒரு மனுசனோட ரத்தம்ல? நானூத்திப் பன்னெண்டை வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாமத் திரியிறாரு.

— எந்நேரம் போட்டிருக்கு?

— நேத்து சாயங்காலம் ஆறு பத்து.

— அப்ப லேப்ல பேஷண்டே இல்லையே.

— இல்லண்ணே. மிஷின் பேசுதான்னு பாக்க, உங்க கையிலதான ரத்தம் எடுத்தோம்.