எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்கும்

கேட்கிறதா? கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? கதவோரம் நிற்கிறவர்களுக்கு? கேட்கிறது என்று கை தூக்குகிறார்கள். நல்லது. வாழ்நாள் முழுவதும் இந்த ஒரே கேள்வியைக் கேட்டு வயிறு வளர்த்தவன் நான். அந்தப் பழக்கம் இன்றைக்கும் விடவில்லை.

தண்ணீர் வராத நாளிலும் தன்னிலை தவறாமல், தலைமை என்பது தாங்கிக்கொள்வதே என்று தெரிந்து இந்த அவையில் வீற்றிருக்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! என் பேச்சு நீண்டால் நைசாக நழுவிவிடலாம் என்று செருப்பைக் கழற்றாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதுபெரும் மூத்தவர்களே! பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் பெற்ற மனம் பதைபதைக்க ஓடிவரும் தாய்மார்களே! நின்றுகொண்டே நாளெல்லாம் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, இங்கேயும் நாற்காலி கிடைக்காமல் நிற்கும் மருந்துக்கடை அண்ணன் அவர்களே! படிக்கட்டையே பால்கனியாக்கிக்கொண்ட இளைஞர்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் உள்ளம் நெகிழ்ந்த வணக்கம்!

நான் யார் என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது. நான் மைக்செட்காரன். மேடைக்குப் பின்னால் நின்றவன். பேசுகிறவர்கள் வருவதற்கு முன்னால் வந்து, பேசியவர்கள் போன பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டு போனவன். எத்தனை நாவலர்களுக்கு நான் ஒலி கூட்டியிருக்கிறேன்! எத்தனை வள்ளல்களின் புகழை வானத்துக்கு ஏற்றியிருக்கிறேன்! அவர்களைக் கேட்டுக் கேட்டு என் நாக்கிலும் கொஞ்சம் அலங்காரம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் மைக்குக்கு இந்தப் பக்கம் நிற்பது இன்றுதான் முதல் தடவை.

என்ன தம்பி? சத்தமா பேசணுமா? மைக் என் கையில இருக்கு, நீ கத்துற! இரு, கூட்டி வைக்கிறேன். இப்ப சரியா?

அன்பர்களே, என் வலப்பக்கம் பாருங்கள். சிவப்பு ரிப்பன் கட்டிய கண்ணாடி அலமாரி. புது பெயிண்ட் வாசம் இங்கே வரைக்கும் வருகிறது. நெற்றியில் எழுதியிருப்பது என்ன? ‘டாக்டரம்மா நினைவு மருந்து அலமாரி.’ உங்கள் வீடுகளில் மிஞ்சிய மாத்திரைகளையெல்லாம் இதில் கொண்டுவந்து வைப்பது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வது. சாவி என்னிடம் இருக்கும். மாலையில் என் வீட்டு வாசலில் மணி அடித்தால் நான் வந்து திறந்துவிட வேண்டும். இதுதான் சங்கத்தின் ஏற்பாடு. இதைத் திறந்துவைக்கத்தான் என்னை மேடை ஏற்றியிருக்கிறீர்கள்.

அந்த டாக்டரம்மா எந்தக் கல்லூரியிலும் படித்தவள் அல்ல. அவள் என் மனைவி.

ஃபிரிஜ்ஜுக்கு மேலே ஒரு பிஸ்கட் டின். அதுதான் அவள் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு பட்டை மாத்திரை கொடுப்பார். காய்ச்சல் விட்டதும் மீதிப் பட்டை டின்னுக்குள் போய்விடும். “நமக்குத்தான் சரியாயிடுச்சே, மிச்சத்தை ஏங்க வீணாக்கணும்? நாளைக்கு ஒருத்தருக்கு ஆகும்ல?” என்பாள். அந்த ஒருத்தர் யார்? நீங்கள்தான்! இந்த அரங்கில் அந்த டின்னிலிருந்து மாத்திரை வாங்காதவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்ப்போம். பார்த்தீர்களா, ஒரு கை இல்லை! தலைவர் கை மட்டும் பாதி எழுந்து இறங்குகிறது. தலைவரே, உங்க பல்வலி எனக்கு ஞாபகம் இருக்கு.

டாக்சி ஓட்டும் தம்பி ஒருநாள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். டின் திறந்தது. “இந்தாப்பா, இது எனக்குக் கால் வீக்கத்துக்குக் குடுத்தது.”

“அக்கா, எனக்குத் தொண்டைக்கா.”

“தொண்டைன்னா என்ன, காலுன்னா என்ன? எல்லாம் ஒரே உடம்புதானே? எனக்கு நல்லாக் கேட்டுச்சு, உனக்கும் கேக்கும். போ.”

சிரியுங்கள், சிரியுங்கள். அவள் இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

கேட்கும்! என்ன அழகான சொல் நம் மொழியில்! மருந்து குணப்படுத்தியது என்று நாம் சொல்வதில்லை, கேட்டது என்கிறோம். மருந்து சொல்கிறது, நோய் கேட்கிறது. என் தொழிலுக்கும் அதே சொல், அவள் வைத்தியத்துக்கும் அதே சொல். நான் மேடையில் நின்று ‘கேக்குதா, கேக்குதா’ என்பேன். அவள் வாசலில் நின்று ‘கேக்கும், கேக்கும்’ என்பாள். எங்கள் இல்லறமே இந்த ஒரு வினைச்சொல்லில்தான் நடந்தது.

பிறகு ஒருநாள், கேட்கவில்லை.

நீர் போகும்போது எரிச்சல் என்றாள். டின்னிலிருந்து வெள்ளை மாத்திரை போட்டாள். கேட்கவில்லை. நீலப் பட்டை போட்டாள். ஒருநாள் கேட்ட மாதிரி இருந்தது, மறுநாள் குளிர் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் ஒரு மருந்து ஏற்றினார்கள், மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். எரிச்சல் என்று தொடங்கியது இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள்.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். அவள் என்னைத் தனியாக அழைத்துப்போய் ஒரு படம் காட்டினாள். வட்டமான கண்ணாடித் தட்டு. அதில் என் மனைவியின் உடம்பிலிருந்து எடுத்த பாக்டீரியாவை வளர்த்திருக்கிறார்கள். தட்டு முழுக்க மங்கலாகப் பாசி மாதிரிப் படர்ந்திருக்கிறது. நடுநடுவே வெள்ளைப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டும் ஒரு மருந்தாம்.

“மருந்து கேட்டா, பொட்டைச் சுத்திக் கிருமி செத்துத் தெளிவா ஒரு வட்டம் தெரியணும், சார்” என்றாள்.

பார்த்தேன். எந்தப் பொட்டைச் சுற்றியும் வட்டம் இல்லை. கிருமிகள் பொட்டின் விளிம்பு வரைக்கும் வந்து, ஒட்டி உரசிக்கொண்டு வளர்ந்திருந்தன.

“எதுக்குமே கேக்கலையாம்மா?”

“எதுக்கும் கேக்கலை, சார்.”

எப்படி அம்மா, எப்படி? நேற்று வரைக்கும் கேட்டது இன்றைக்கு எப்படிக் கேட்காமல் போகும் என்று நானும் உங்களைப் போலத்தான் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். எனக்கு விளங்கிய அளவுக்கு, என் அலங்காரத்தோடு, உங்களுக்குச் சொல்கிறேன்.

பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. பெருகும்போது அங்கொன்று இங்கொன்று கொஞ்சம் மாறிப் பிறக்கிறது. ஒன்று, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும். ஒன்று, மருந்தையே உடைத்துப் போடும். ஒன்று, மருந்து வந்து பற்றுகிற இடத்தையே உருமாற்றிக்கொள்ளும். அவை வேண்டுமென்று மாறவில்லை, தற்செயலாக மாறியவை. மருந்து வராத வரைக்கும் கூட்டத்தோடு கூட்டமாக அடங்கிக் கிடக்கும். மருந்து வருகிறது. சொன்ன பேச்சைக் கேட்டவை எல்லாம் சாகின்றன. கேட்காதவை பிழைக்கின்றன! இடம் காலி, இரை தாராளம், போட்டிக்கு ஆள் இல்லை. கேட்காதது பெற்ற பிள்ளைகள் கேட்காதவை. அந்தப் பிள்ளைகள் பெற்றவையும் கேட்காதவை. தப்பான நோய்க்கு ஒரு மாத்திரை, அரைகுறையாக ஒரு மாத்திரை, டாக்டரிடம் கேட்காமல் ஒரு மாத்திரை. ஒவ்வொன்றும் நாமே நடத்தும் தேர்வு. கேட்காதவற்றைப் பொறுக்கி எடுத்து வளர்க்கும் தேர்வு! வைரஸால் வரும் சளிக்கு பாக்டீரியாவைக் கொல்லும் இந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒரு துளியும் உதவாதாம். சளி தானாகப் போகும். ஆனால் போட்ட மாத்திரை, நம் குடலில் சும்மா குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குப் பாடம் நடத்திவிட்டுப் போகும்.

இன்னும் ஒன்று சொன்னாள். “சார், இதுங்க தாங்கிக்கிற வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் குடுக்கும். வேற ஜாதிக் கிருமியா இருந்தாலும் குடுக்கும்.”

என் அன்பர்களே! சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி பக்கத்து வீட்டுக்கு மாத்திரை கொடுத்தாள். உடம்புக்கு உள்ளே ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குத் தப்பிக்கும் வழி கொடுத்தது. எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்கும் என்றாள் இவள். எனக்குக் கேட்கவில்லை, உனக்கும் கேட்க வேண்டாம் என்றது அது. இவளுக்கு இருந்த தாராளம் அதற்கும் இருந்தது.

“அந்த டின்னுதான் காரணமாம்மா?” என்றேன்.

“அப்படிச் சொல்ல முடியாது, சார். எல்லா வீட்டுலயும் ஒரு டின் இருக்கு. எதுல இருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?” என்றாள்.

என் மனைவியைத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போவதற்கு முன்னால் மேலங்கி, கையுறை, முகமூடி. வெளியே வந்தால் எல்லாவற்றையும் கழற்றிக் கதவோரக் கூடையில் போட வேண்டும். கிருமி அடுத்த கட்டிலுக்குப் போய்விடக் கூடாதே! நியாயம்தான். ஆனால் அந்தக் கையை நான் எப்படிப் பிடிப்பேன்? ரப்பர் உறைக்குள்ளிருந்து பிடித்தேன். அவள் சூடு எனக்குத் தெரிந்தது, என் கையின் சொரசொரப்பு அவளுக்குத் தெரியவில்லை. “உங்க கை மாதிரியே இல்லைங்க” என்றாள். வாசலில் வரும் எல்லோரையும் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொன்னவளை, வெறும் கையால் தொட ஒரு ஆள் இல்லாமல் போயிற்று.

ஒருநாள் உதடு அசைந்தது. குனிந்தேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் என் கேள்வியைக் கேட்டாள். “கேக்குதாங்க?”

“கேக்குது, சொல்லு.”

“யாராச்சும் மாத்திரை கேட்டு வந்தாங்களா? மாடி வீட்டு அக்காவுக்கு இருமல்னு சொன்னாங்களே. டின்ல சிவப்புப் பட்டை இருக்கும், குடுத்துடுங்க.”

நான் என்ன சொல்வேன்? படத்தைப் பார்த்தேன் என்பதா? வட்டமே இல்லை என்பதா? தன் வாழ்வில் செய்த நல்ல காரியம் என்று எதை நம்பினாளோ, அதை அந்தக் கட்டிலில் வைத்து அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. “சரி, குடுத்துடறேன்” என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

மாடி வீட்டு அக்கா, அழாதீங்க. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. உங்க இருமல் தானாவே போயிடுச்சு, பாத்தீங்களா?

அவள் போன புதிதில் வீடு நிறைய ஆள். பிறகு நாற்காலிகள் திரும்பிப் போயின. பாத்திரங்கள் திரும்பிப் போயின. ஆளும் போயாயிற்று. அதன் பிறகு என் வீட்டு மணி அடிக்கவே இல்லை. முதலில், மணிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஏணி போட்டு ஏறி, கழற்றி, வயரைச் சுரண்டி, திருகி மாட்டினேன். வாசலுக்குப் போய் நானே அழுத்திப் பார்த்தேன். கணீர் என்று அடித்தது. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. வருவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? கோளாறு வயரில் இல்லை என்று அப்போதுதான் விளங்கிற்று. உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் எல்லோரும் மாத்திரை கேட்டு வந்தவர்கள். அவள் இல்லை, மாத்திரை இல்லை, என்ன கேட்டு வருவீர்கள்?

அந்தச் சமயத்தில்தான் தலைவர் வந்து இந்த அலமாரியைப் பற்றிச் சொன்னார். சாவி உங்ககிட்டதான்ணே இருக்கணும் என்றார். யோசிக்காமல் தலையாட்டினேன். ஏன் தெரியுமா? அந்த மணிக்காக! மாலையானால் மணி அடிக்குமே! வாசலில் ஒரு முகம் நிற்குமே! ‘அண்ணே, இருமலுக்கு ஏதாச்சும் இருக்கா’ என்று ஒரு குரல் கேட்குமே! அதற்காகத் தலையாட்டினேன். இன்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும் வரைக்கும் இதைத் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போதுதான் வட்டமே இல்லாத அந்தத் தட்டு கண்முன் வந்து நின்றது.

இதோ கத்தரிக்கோல். இதோ கீழே வைக்கிறேன்.

திறக்க மாட்டேன்! அன்பின் பெயரால் அழிவை அடுக்கிவைக்க மாட்டேன்! அவள் பெயரை எழுதிவைத்து, அவளைத் தின்றதை அதற்குள் வளர்க்க மாட்டேன்! ஒரு குழந்தைக்கு நாளை ஒரு சிராய்ப்பு, ஒரு தாய்க்கு ஒரு பிரசவம், ஒரு பெரியவருக்கு ஒரு சின்ன ஆபரேஷன். அந்த நேரத்தில் கேட்பதற்கு ஒரு மருந்தாவது மிச்சம் இருக்க வேண்டாமா? மருந்து பேசும், கேட்க ஆளிருக்காது என்ற நாள் வரலாமா? வரவிடலாமா?

யாரது, அப்ப அலமாரி வேஸ்ட்டான்னு கேக்கிறது? நல்ல கேள்வி. வேஸ்ட் இல்லை தம்பி. மருந்துக்கடை அண்ணனிடம் இங்கே வருவதற்கு முன்னாலேயே பேசிவிட்டேன். அலமாரி அவர் கடையில் இருக்கும். கண்ணாடியை மறைத்து, மேலே ஒரு துவாரம் மட்டும். மிச்ச மாத்திரை உள்ளே போகும், யாருக்காகவும் வெளியே வராது. முறையாக அழிக்கிற இடத்துக்கு அவர் அனுப்பிவைப்பார். அவள் பெயர் அப்படியே இருக்கட்டும். வாரி வாரிக் கொடுத்தவள், இனிமேல் வாங்கிக்கொள்ளட்டும். அவள் டின்னைத்தான் முதலில் நான் போடுவேன். அண்ணே, சாவியைப் பிடிங்க.

ஆயிற்று. சாவி போய்விட்டது. இனி என் வாசலுக்கு வர உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அதனால்தான் காரணம் இல்லாமல் வாருங்கள் என்று கேட்கிறேன். காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போங்கள். அவர் சொன்ன மருந்தை, சொன்னபடி சாப்பிடுங்கள், மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். திரும்பி வருகிற வழியில் என் வீடு இருக்கிறது. டின் இருக்காது, டீ இருக்கும். அவளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பொறுமையோடு இருந்த பெரியோர்களே, கண்ணைத் துடைத்துக்கொண்ட தாய்மார்களே, கத்திக் கத்தி என்னைக் கரை சேர்த்த தம்பிமார்களே, உங்களுக்கு என் நன்றி, என் வணக்கம். மணியை நன்றாக அழுத்துங்கள். உள்ளே நான் ஒருவன்தான் இருக்கிறேன்; எனக்குக் கேட்கும்.